கப்பல் பயணத்தில் துணி கசங்காமல் இருக்க: பெட்டி அடுக்குவதில் தொடங்கி கடைசி இரவு வரை

உல்லாசக் கப்பலில் கிளம்புகிற பலர் கேபினுக்குள் போன பிறகுதான் கவனிப்பார்கள், அங்கே அயர்ன் பாக்ஸ் கிடையாது. வீட்டிலிருந்து கொண்டுபோகவும் முடியாது. பெரிய கப்பல் நிறுவனங்கள் எல்லாமே பயணிகள் அயர்ன் பாக்ஸ், கையடக்க ஸ்டீமர் இரண்டையும் கேபினுக்குள் கொண்டுவரத் தடை விதித்திருக்கின்றன. ஏறும்போது பெட்டிகள் ஸ்கேனரில் போகும். அதில் தெரிந்தால் எடுத்து வைத்துக்கொண்டு, பயணம் முடியும் நாளில்தான் திருப்பித் தருவார்கள். அந்தப் பொருளால் உங்கள் பெட்டியே கேபினுக்குத் தாமதமாக வந்து சேரும்.

இது வீண் கெடுபிடி இல்லை. நடுக்கடலில் தீ பிடித்தால் ஓடித் தப்பிக்க இடம் கிடையாது. 2006 மார்ச்சில் ஜமைக்கா நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஸ்டார் பிரின்சஸ் கப்பலில் ஒரு பால்கனியில் தொடங்கிய தீ, அடுத்தடுத்த கேபின்களுக்கும் மேல் தளங்களுக்கும் பரவியது. ஒரு பயணி உயிரிழந்தார். யாரோ அணைக்காமல் போட்ட சிகரெட் துண்டு, பால்கனியில் கிடந்த எரியக்கூடிய பொருளைப் பற்ற வைத்திருக்கலாம் என்பதுதான் விசாரணையின் முடிவு. ஒரு சிகரெட் துண்டே இவ்வளவு செய்யும் என்றால், மறந்துபோய் ஆன் செய்தபடியே விட்ட அயர்ன் பாக்ஸ் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் எப்படியாவது ஒளித்துக் கொண்டுபோய்விடலாம் என்ற நினைப்பே வேண்டாம். அயர்ன் பாக்ஸ் இல்லாமலே ஒரு வாரமும் பளிச்சென்று உடுத்த முடியும்.

துணி ஏன் கசங்குகிறது?

இதை மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மற்ற எல்லா வழிகளும் இதிலிருந்துதான் வருகின்றன.

பருத்தி இழைக்குள் நீளநீளமான மூலக்கூறுச் சங்கிலிகள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. அவற்றை ஹைட்ரஜன் பிணைப்புகள் ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கின்றன. ஈரம் உள்ளே போனால் அந்தப் பிடி தளரும். சங்கிலிகள் இடம் மாறும். ஈரம் வெளியேறும்போது, அப்போது எந்த நிலையில் இருக்கின்றனவோ அந்த நிலையிலேயே மறுபடி பிடித்துக்கொள்ளும். மடங்கிய நிலையில் காய்ந்தால் அது சுருக்கம். நேரான நிலையில் காய்ந்தால் அயர்ன் செய்த மாதிரி. ஈரத் தலையோடு தூங்கி எழுந்தால் முடி ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறதே, அதுவும் இதே சங்கதிதான்.

ஆக, சுருக்கத்தை உண்டாக்குவதும் ஈரம், எடுப்பதும் ஈரம். மடித்து வைத்திருக்கும்போது துணி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். தொங்கவிட்டிருக்கும்போது லேசாக ஈரம் பட வேண்டும். கடலில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் வெளியே காற்றே ஈரமானது. சாதாரண சூழலிலேயே பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், கம்பளி சுமார் 16 சதவீதம். பாலியஸ்டரோ அரை சதவீதம்கூட இழுக்காது. பாலியஸ்டர் சட்டை பெட்டியில் எப்படிக் கிடந்தாலும் ஓரளவு தப்பித்துக்கொள்வதற்கு இதுதான் காரணம்.

எந்தத் துணியை எடுத்துப் போவது?

பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும் என்பது என் கருத்து. அலமாரி முன்னால் நின்று, எடுத்துப் போக நினைக்கும் ஒவ்வொரு உடுப்பிலும் ஒரு மூலையைக் கையில் அள்ளி இறுக்கமாகப் பிடியுங்கள். மெதுவாக முப்பது எண்ணுங்கள். விட்டுவிட்டு ஒரு நிமிடம் காத்திருந்து பாருங்கள். கோடுகள் தானாக மறைந்தால் அது பயணத்துக்கு ஏற்ற துணி. கசக்கிய காகிதம் போல அப்படியே நின்றால், அது வீட்டிலேயே இருக்கட்டும்.

பின்னல் துணிகள், அதாவது டீ சர்ட், ஜெர்சி வகையெல்லாம் நெய்த துணியைவிடக் குறைவாகவே கசங்கும். நூல் வளையங்களாகக் கோத்திருப்பதால், மடங்கினாலும் வளையம் நகர்ந்து இடம் கொடுத்துவிடும். மெரினோ கம்பளி இன்னும் நல்லது. கம்பளி இழையே சுருள் சுருளாக இருப்பதால், மாட்டி வைத்த ஓர் இரவில் பெரும்பாலான மடிப்பு தானாக விழுந்துவிடும். கம்பளி என்றாலே குளிருக்குப் போடுவது என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். மெல்லிய மெரினோவை வெயில் ஊரிலும் போடலாம். பாலியஸ்டர், நைலான், எலாஸ்டேன் என்ற இழுபடும் இழை கொஞ்சம் கலந்த பருத்தி ஆகியவையும் சரி. அச்சடித்த பூ, கட்டம் போட்ட துணிகளில் இருக்கிற சுருக்கமும் கண்ணில் படாது. வெறும் வெள்ளை, வெளிர் நீலத்தில்தான் ஒவ்வொரு கோடும் எடுப்பாகத் தெரியும்.

லினன் கசங்காமல் இருக்கவே இருக்காது. ஆனால் அந்தக் கசங்கலோடு போட்டுக்கொள்வதுதான் லினனின் அழகே. பகலில் டெக்கில் உலாத்த எடுத்துப் போங்கள், இரவு விருந்துக்கு அதை நம்ப வேண்டாம். ரேயான் எனப்படும் விஸ்கோஸிடம் எச்சரிக்கையாக இருங்கள். கையில் வழவழவென்று நன்றாக இருக்கும், ஆனால் பெட்டியில் மோசமாகக் கசங்கும், நனைந்தால் வலுவிழக்கும்.

கசங்காத பருத்திச் சட்டை என்று கடைகளில் விற்கிறார்களே, அதுவும் கைகொடுக்கும். சங்கிலிகளுக்கு நடுவே வேதிப் பாலங்கள் போட்டு, ஈரம் பட்டாலும் நகராமல் கட்டிவைக்கும் முறை அது. 1950களில் அமெரிக்க வேளாண் துறையின் நியூ ஆர்லியன்ஸ் ஆய்வகத்தில் ரூத் பெனெரிட்டோ என்ற வேதியியலாளரும் அவர் குழுவினரும் செய்த ஆராய்ச்சிக்கு இதில் பெரிய பங்கு உண்டு. செயற்கை இழைகள் சந்தையைப் பிடித்துக்கொண்டிருந்த காலத்தில் பருத்திக்கு அது மறுவாழ்வு கொடுத்தது. பயணத்துக்கென்று ஒரே ஒரு சட்டை வாங்குவதாக இருந்தால் இதை வாங்குங்கள்.

உங்கள் கப்பலில் என்ன வசதி?

பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் இரண்டு விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, பயணிகளே துவைத்து அயர்ன் செய்துகொள்ளும் அறை உண்டா என்பது. பிரின்சஸ், டிஸ்னி கப்பல்களில் உண்டு. கார்னிவலின் பெரும்பாலான கப்பல்களில் உண்டு. கியூனார்டில் அதற்குக் கட்டணமே கிடையாது. ராயல் கரீபியனிலும் செலிப்ரிட்டியிலும் அப்படி அறை இருக்காது. கப்பல் ஊழியர்களிடம் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். ஒரே நிறுவனத்துக்குள்ளேயே கப்பலுக்குக் கப்பல் மாறலாம் என்பதால், உங்கள் கப்பலின் தள வரைபடத்தைத் தரவிறக்கி 'லாண்ட்ரெட்' என்று ஏதாவது தளத்தில் போட்டிருக்கிறதா என்று தேடுங்கள். அது எந்தத் தளத்தில் இருக்கிறது என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

இரண்டாவது, ஃபார்மல் இரவு, அதாவது இரவு விருந்துக்கு எல்லோரும் கோட், கவுன் என்று எடுப்பாக உடுத்தி வரும் இரவு, எத்தனை, எப்போது என்பது. ஏழு இரவுப் பயணத்தில் பெரும்பாலும் இரண்டு இருக்கும். முதலாவது பயணத்தின் இரண்டாம் நாளிலேயே வந்துவிடுவது சகஜம். கார்னிவலில் எலிகன்ட் நைட் என்பார்கள், கியூனார்டில் காலா ஈவ்னிங். நார்வீஜியனில் ஃபார்மல் உடை கட்டாயம் இல்லை. இது தெரிந்தால் உங்கள் கவனம் முழுவதையும் அந்த இரண்டு உடுப்புகளுக்குக் கொடுத்துவிடலாம். மற்றவை அரைகுறையாக இருந்தாலும் யாரும் பார்க்கப் போவதில்லை.

அடுக்குவதற்கு முந்தைய நாள்

துணிகளை அயர்ன் செய்யும் வேலையை முந்தைய நாளே முடித்து, ஹேங்கரில் மாட்டி ஓர் இரவு விடுங்கள். அவசரத்தில் அயர்ன் செய்த சூட்டோடு மடித்துப் பெட்டியில் போடுவதுதான் பலரும் செய்கிற காரியம். சூடாக இருக்கும் துணியில் இன்னும் கொஞ்சம் நீராவி ஈரம் இருக்கும். மடித்த நிலையில் அது ஆறி உலரும்போது, மடிப்புக் கோடு நீங்களே அயர்ன் பாக்ஸ் வைத்து எடுத்த கோடு போல அழுத்தமாக விழுந்துவிடும். பிறகு அதை எடுக்க மறுபடி அயர்ன் பாக்ஸ்தான் வேண்டும்.

கஞ்சி போடாதீர்கள். கஞ்சி போட்ட துணி மாட்டியிருக்கும்வரை விறைப்பாக, அழகாக இருக்கும். மடித்தால் மடித்த இடத்தில் கோடு கோடாக உடைந்து நிற்கும்.

பெட்டி அடுக்கும் முறை

சுருட்டுவதா மடிப்பதா என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். இரண்டுமே வேண்டும். டீ சர்ட், ஜீன்ஸ், அரைக்கால் சட்டை, இரவு உடை போன்றவற்றைச் சுருட்டுங்கள். சுருட்டினால் கூர்மையான மடிப்பே விழாது. ஆனால் சுருட்டுவதற்கு முன்னால் தரையிலோ கட்டிலிலோ விரித்து உள்ளங்கையால் நன்றாக நீவிவிட வேண்டும். நீவாமல் சுருட்டினால் இருக்கிற சுருக்கத்தையும் சேர்த்துச் சுருட்டி வைத்த மாதிரி ஆகிவிடும். காலர் சட்டை, பேன்ட், கோட் போன்றவற்றை மடிக்க வேண்டும், குறைந்த மடிப்புகளோடு.

கோட்டை மடிக்கிற விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் பலருக்குத் தயக்கம். பைகளைக் காலி செய்யுங்கள். கோட்டை முகம் உங்களைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, இடது தோளை மட்டும் உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டுங்கள். கை அப்படியே உள்ளே தொங்கட்டும். இப்போது வலது தோளைக் கொண்டுபோய் அந்தப் புரட்டிய இடது தோளுக்குள் செருகுங்கள். இரண்டு தோள் பஞ்சும் ஒன்றுக்குள் ஒன்றாக உட்கார்ந்துகொள்ளும். கோட் இப்போது நீளவாக்கில் பாதியாகி, லைனிங் வெளியே தெரிய நிற்கும். காலர் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உறைக்குள் நுழைத்து, நடுவில் ஒரு சுருட்டிய ஸ்வெட்டரையோ டவலையோ வைத்து ஒரே ஒருமுறை குறுக்கே மடியுங்கள். மடிப்பு விழுந்தாலும் உள்லைனிங்கில் விழும். அதுவும் ஸ்வெட்டர் இருப்பதால் வளைவாக விழும், கூராக விழாது.

அந்த பிளாஸ்டிக் உறை சும்மா இல்லை. டிரை கிளீனிங் கடைகளில் துணியைப் போட்டுத் தருவார்களே, அந்த மெல்லிய உறை. துணியும் துணியும் உரசினால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு அந்த இடத்தில் கசங்கும். நடுவில் வழுக்கும் பிளாஸ்டிக் இருந்தால் இரண்டும் நழுவிக்கொண்டே இருக்கும், ஒரே இடத்தில் மடங்கி நிற்காது. துணி முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம். ஈரத்தோடு உள்ளே போனால் காரியம் கெட்டுப்போகும். பட்டுத் துணிக்கு பிளாஸ்டிக்குக்குப் பதில் மெல்லிய டிஷ்யூ காகிதம் நல்லது. நீளமான சால்வை, புடவை மாதிரித் துணிகளை ஓர் அட்டைக் குழாயில் சுற்றிக்கொண்டால் கோடே விழாது.

காலர் சட்டைக்கு ஒன்றுவிட்டு ஒன்று பட்டன் போடுங்கள், மேல் பட்டனைக் கட்டாயம் போடுங்கள். சுருட்டிய ஒரு பெல்ட்டையோ சாக்ஸையோ காலருக்குள் வைத்தால் காலர் நசுங்காது.

இப்போது அடுக்கும் வரிசை. பெட்டியை நிமிர்த்தினால் கீழே வரும் சக்கரப் பக்கத்தில் காலணிகள், சோப்பு, ஷாம்பு வைத்த பை போன்ற கனமானவை. இல்லாவிட்டால் வழியெல்லாம் அவை மெல்லத் துணி மேல் சரிந்து அழுத்தும். பேன்ட்களின் கால் பகுதி பெட்டிக்கு வெளியே தொங்கும்படி முதலில் விரியுங்கள். அதன்மேல் சுருட்டிய துணிகளை நிரப்புங்கள். பிறகு தொங்கும் கால்களை அவற்றின்மேல் திருப்பிப் போட்டால், மடிப்பு சுருட்டுகளைச் சுற்றி வளைந்து போகும். கோட்டும் ஃபார்மல் உடையும் எல்லாவற்றுக்கும் மேலே.

பெட்டி நிரம்பியிருக்க வேண்டும், ஆனால் உட்கார்ந்து மூடும்படி திணிக்கக் கூடாது. பாதி காலியாக இருந்தால் துணி உள்ளே புரண்டு கசங்கும். திணித்தால் அழுத்தத்தில் கசங்கும். காற்றை உறிஞ்சி எடுக்கும் பைகளைப் பார்த்ததும் ஆசை வரும், இடம் மிச்சமாகும் என்று. ஸ்வெட்டர், உள்ளாடைக்கு அவை சரி. காலர் சட்டையை அதில் போட்டால் வெளியே எடுக்கும்போது மனம் நொந்துபோகும்.

இவற்றோடு எடுத்துப் போக வேண்டிய சில்லறைச் சாமான்கள்: ஒரு காலி ஸ்பிரே பாட்டில், ஒரு சின்ன குப்பியில் துணி கண்டிஷனர், நாலைந்து காந்தக் கொக்கிகள், சில மெல்லிய ஹேங்கர்கள். கப்பல் கேபின்களில் பெரும்பாலானவற்றின் சுவர்கள் எஃகுத் தகடுதான், காந்தம் கச்சிதமாகப் பிடிக்கும். விமானத்தில் போய்க் கப்பல் ஏறுகிறவர்கள் பெரும்பாலான விமான நிலையங்களில் கைப்பையில் திரவம் 100 மில்லிக்கு மேல் வைக்க முடியாது என்பதால், பாட்டிலைக் காலியாகவே கொண்டுபோய்க் கப்பலில் தண்ணீர் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் மதியம்

துறைமுகத்தில் பெரிய பெட்டியைக் கொடுத்துவிட்டால் அது கேபின் வாசலுக்கு வரச் சில மணி நேரம் ஆகும், சில சமயம் இரவு உணவு நேரம்கூட ஆகிவிடும். முதல் இரவுக்கான உடையைக் கைப்பையில், மேலாக வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி வந்ததும் திறங்கள். களைப்பாக இருக்கிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் அந்த ஓர் இரவில் மடிப்புகள் இன்னும் அழுந்தும். ஒவ்வொரு துணியையும் எடுத்து இரண்டு உதறு உதறுங்கள், ஓரத்தைப் பிடித்து லேசாக இழுங்கள், மாட்டுங்கள். கேபின் அலமாரி சிறியதுதான், ஹேங்கரும் குறைவாகவே இருக்கும். அறை உதவியாளரிடம் கேட்டால் இன்னும் கொஞ்சம் தருவார். எல்லாவற்றையும் மாட்ட இடமில்லை என்றால் ஃபார்மல் உடை, காலர் சட்டை, நீளமான கவுன் இவற்றுக்கு முதலிடம். சுருட்டி வைத்தவை சுருட்டியபடியே டிராயருக்குப் போகட்டும். ஹேங்கர்களுக்கு நடுவே ஒரு விரல் இடைவெளியாவது வேண்டும். நெருக்கியடித்து மாட்டினால் மாட்டியும் பயனில்லை. காலிப் பெட்டி கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

மாட்டி முடித்ததும் ஃபார்மல் உடையை வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். கப்பல் ஊழியர்களிடம் பிரஸ் செய்யக் கொடுப்பதாக இருந்தால் அந்த முதல் மதியமே கொடுத்துவிட வேண்டும். அலமாரியில் ஒரு பையும் ஒரு படிவமும் இருக்கும். சாதாரணமாக ஒரு நாள் முதல் இரண்டு நாள்வரை எடுக்கும்; அன்றே வேண்டும் என்றால் கூடுதல் கட்டணம். ஃபார்மல் இரவன்று காலையில் கொடுக்கப் போனால் உங்களுக்கு முன்னால் கப்பலில் பாதிப்பேர் கொடுத்திருப்பார்கள். படிவத்தில் 'பிரஸ் மட்டும்' என்ற கட்டத்தில் குறியிடுங்கள், சலவைக்கும் சேர்த்துக் கட்டணம் போட்டுவிடப் போகிறார்கள்.

கேபினிலேயே சுருக்கம் எடுப்பது

நான் முதலில் சொல்வது ஸ்பிரேதான். 250 மில்லி தண்ணீரில் ஒரு டீஸ்பூன் கண்டிஷனர் கலந்து குலுக்கிக்கொள்ளுங்கள். சட்டையை ஹேங்கரில் மாட்டிக் காந்தக் கொக்கியில் தொங்கவிடுங்கள். ஓர் அடி தள்ளி நின்று, சுருக்கம் இருக்கும் இடத்தில் பனி படிந்த மாதிரி அடியுங்கள். சொட்டச் சொட்ட நனைக்க வேண்டாம், தொட்டால் ஈரம் தெரிந்தால் போதும். இப்போது கீழ் ஓரத்தை ஒரு கையால் பிடித்து இழுத்துக்கொண்டு, மறு கையின் உள்ளங்கையால் மேலிருந்து கீழாக நீவிக்கொண்டே வாருங்கள். பட்டன் பட்டியை இரண்டு முனையிலும் பிடித்து விறைப்பாக இழுங்கள். கைகளின் தையலையும் அப்படியே. தையல் நேரானால் அதை ஒட்டியிருக்கும் துணி தானாக நேராகும். கடைசியாகக் காலரை விரல்களுக்கு நடுவே அழுத்தி வடிவம் கொடுங்கள். அப்புறம் தொடாமல் விடுங்கள். ஏசி காற்றில் அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். காய்வதற்கு முன் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் முதுகிலும் முழங்கையிலும் புதிய சுருக்கம் விழும், அந்தப் பொறுமை மட்டும் வேண்டும். கண்டிஷனர் ஏன் என்றால், அது இழைகளை வழவழப்பாக்கி நகர விடும். வெறும் தண்ணீரும் வேலை செய்யும், கொஞ்சம் குறைவாக.

பட்டுக்கு இதைச் செய்யாதீர்கள். தண்ணீர்த் துளி பட்ட இடம் வட்ட வட்டமாகக் கறை போல நிற்கும். பட்டுக்கும் கம்பளிக்கும் நீராவியே ஏற்றது.

நீராவி என்றால் குளிக்கும்போது வருவதுதான். குளியலறையில் மாட்டி வைத்துவிட்டு வெந்நீரில் குளித்தால் சுருக்கம் போய்விடும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஹோட்டலில் நன்றாகவே வேலை செய்யும். கப்பலில் ஒரு சிக்கல்: குளியலறையின் காற்றுறிஞ்சி ஓயாமல் இழுத்துக்கொண்டே இருக்கும், அதனால் நீராவி தங்காது. கதவை இறுக மூடி, துணியைத் தண்ணீர் தெறிக்காத அளவுக்குத் தள்ளி ஷவர் பக்கமே மாட்டுங்கள். குளித்து முடித்ததும் பத்து நிமிடம் கதவைத் திறக்காதீர்கள். பிறகு வெளியே எடுத்து, வெதுவெதுப்பு ஆறுவதற்குள் நீவி, அறையில் மாட்டுங்கள். அங்கேயே விட்டால் ஈரத்தோடு சோர்ந்து தொங்கும். லேசான மடிப்புகள் இதில் போய்விடும். ஆழமான கோடு பருத்தியில் போகாது. இதற்காக மட்டும் வெந்நீரைத் திறந்துவிட்டு வீணாக்க வேண்டாம்.

அவசரம் என்றால் ஹேர் டிரையர். கேபினில் ஒன்று பெரும்பாலும் இருக்கும். சுருக்கத்தில் ஸ்பிரே அடித்து, துணியை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒரு சாண் தூரத்திலிருந்து சூடான காற்றைக் காட்டுங்கள். காய்ந்த பிறகும் இழுப்பை விடாமல் குளிர்ந்த காற்றைச் சில விநாடிகள் காட்டினால்தான் நிலைக்கும். பாலியஸ்டருக்கு இது ரொம்ப முக்கியம். 70, 80 டிகிரி செல்சியஸ் அளவில் அந்த இழை இளகும். அந்தச் சூட்டில் எப்படி வைத்துப் பிடித்திருக்கிறோமோ, ஆறும்போது அப்படியே நிற்கும்.

பேன்ட்டில் மடிப்புக் கோடு போயிருந்தால், கோடு இருந்த இடத்தில் லேசாக ஈரம் தொட்டு, கோடு சேரும்படி மடித்து இரண்டு காய்ந்த டவலுக்கு நடுவே வைத்து மெத்தைக்கு அடியில் இரவு முழுக்க விடுங்கள். பழைய வழி, இன்றும் கைவிடுவதில்லை.

துவைக்கும் அறைக்குப் போனால்

கூட்டம் இல்லாத நேரம் பார்த்துப் போங்கள். கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது எல்லோரும் ஊர் சுற்றப் போயிருப்பார்கள், அல்லது விடிகாலை. கடலில் கழியும் நாளின் மதியமும் ஃபார்மல் இரவுக்கு முந்தைய மணி நேரமும் வரிசை நீளும்.

டிரையரில் பாதி அளவுதான் போடுங்கள். துணி புரள இடம் வேண்டும். முழுக்கக் காயும்வரை விடாமல், தையல்களில் இன்னும் லேசான ஈரம் இருக்கும்போதே எடுத்து, சூட்டோடு ஹேங்கரில் மாட்டி நீவிவிட்டால் அயர்ன் பாக்ஸுக்கே வேலை இருக்காது. ஹேங்கர்களைக் கையோடு கொண்டுபோங்கள். டிரையர் நின்ற பிறகு சூடான துணி உள்ளே குவியலாகக் கிடந்தால், ஆறும்போது குவியலாகவே படிந்துவிடும். அதோடு, காத்திருக்கிற அடுத்தவர் உங்கள் துணியை எடுத்து ஒரு மேசையில் குவித்துவிட்டுப் போவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. நேரத்தைக் குறித்துக்கொண்டு ஐந்து நிமிடம் முன்னாலேயே போய் நில்லுங்கள். ஏற்கெனவே கசங்கிய காய்ந்த துணி என்றால், ஓர் ஈரக் கைக்குட்டையோடு சேர்த்துப் பத்து நிமிடம் டிரையரில் சுற்றினாலே பாதிச் சுருக்கம் போய்விடும்.

கையால் துவைத்தால்

பிழியாதீர்கள். முறுக்கிப் பிழியும் ஒவ்வொரு முறுக்கும் ஒரு சுருக்கம். துணியைக் காய்ந்த டவலின் மேல் விரித்து, டவலோடு சேர்த்துச் சுருட்டி, முழங்காலால் அழுத்துங்கள். பெரும்பகுதித் தண்ணீரை டவல் குடித்துவிடும். பிறகு உதறி, ஹேங்கரில் மாட்டி, தையல்களை இழுத்துவிடுங்கள். குளியலறைக்குள் இழுத்து மாட்டும் கொடி பல கப்பல்களில் உண்டு. ஆனால் அதில் நடுவில் மடித்துப் போட்டால் நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு கோடு விழும், அதனால் அங்கும் ஹேங்கரோடு மாட்டுங்கள். சொட்டுவது நின்றதும் அறைக்குக் கொண்டுவாருங்கள். ஏசி காற்று உலர்ந்த காற்று, குளியலறையைவிட அங்கே சீக்கிரம் காயும். மெல்லிய பாலியஸ்டர் ஒரே இரவில் காய்ந்துவிடும், கனமான பருத்தி அடுத்த நாளும் ஈரமாகவே இருக்கும்.

ஈரத் துணியையோ ஹேங்கரையோ கூரையில் தெரியும் தீயணைப்பு ஸ்பிரிங்க்ளரில் மட்டும் மாட்டாதீர்கள். பார்க்கக் கொக்கி மாதிரி வசதியாக இருக்கும். அது உடைந்தால் கேபின் முழுக்க வெள்ளம், பக்கத்துக் கேபினும் சேர்ந்து.

பால்கனியிலும் காயப்போட வேண்டாம். ஸ்டார் பிரின்சஸ் பற்றி மேலே சொன்னது ஒரு காரணம். கப்பல்காரர்கள் அனுமதிப்பதும் இல்லை. தவிர, காற்று ஒரே வீச்சில் கடலுக்குக் கொண்டுபோய்விடும். உப்புச் சாரல் பட்டுக் காய்ந்த துணி பிசுபிசுப்பாகி, உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால் மறுபடி மறுபடி துவண்டுபோகும்.

கடைசி இரவு

இறங்குவதற்கு முந்தைய இரவு பெரிய பெட்டியைக் கேபின் வாசலில் வைத்துவிடச் சொல்வார்கள். மறுநாள் காலையில் போடும் உடை, உள்ளாடை, காலணி மூன்றையும் முதலில் எடுத்து நாற்காலியில் வைத்துவிட்டு, அப்புறம் அடுக்கத் தொடங்குங்கள். எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுப் பூட்டி வெளியே வைத்த பிறகு இரவு உடையோடு இறங்க நேர்ந்தவர்கள் உண்டு.

திரும்பி வரும்போது போட்டுக் களைந்த துணிதான் அதிகம், அதை நீவி மடிக்க வேண்டியதில்லை. அழுக்குத் துணியைச் சுருட்டி அடியில் நிரப்பி, போடாத நல்ல உடுப்பை மட்டும் அதே பிளாஸ்டிக் உறையில் மேலே வையுங்கள். நீச்சல் உடையும் டவலும் இன்னும் ஈரமாக இருந்தால் தண்ணீர் கசியாத பையில் தனியாகக் கட்டிக் கைப்பையில் போடுங்கள். பெரிய பெட்டிக்குள் அந்த ஈரம் போனால், பக்கத்தில் இருக்கும் பருத்தியெல்லாம் அதை இழுத்துக்கொண்டு, வீடு போய்ச் சேர்வதற்குள் மடித்தபடியே உலர்ந்திருக்கும்.